அவள் இடத்தில் போனவள்

நம்மோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.

கேப்டனுக்குப் பழைய மாணவிகள் சார்பில் ஒரு விழா எடுக்கலாம் என்றும், நெருங்கிய தோழி என்ற முறையில் நான்தான் பேச வேண்டும் என்றும் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் முடிவு செய்தீர்கள். கூடவே ஆளுக்கொரு நினைவு எழுதினீர்கள். ஒருத்தி தன் டிபன் பாக்ஸிலிருந்து அவளுக்கு இட்லி கொடுத்தாளாம். இன்னொருத்தி தினமும் பின்னல் போட்டுவிட்டாளாம். இருக்கலாம். ஆனால் நாட்டு அணிக்கே தலைமை தாங்கி, இருபது வருஷம் கூடைப்பந்து ஆடி, இன்றைக்கும் ஆட்டக்காரர்கள் பேரைக் கேட்டதும் எழுந்து நிற்கிற அந்தப் பெண்ணை நாம் அன்றைக்கு என்னவென்று கூப்பிட்டோம் என்பதை ஒருத்தியும் எழுதவில்லை. மறந்திருக்க மாட்டீர்கள். எழுதக் கூச்சமாக இருந்திருக்கும்.

‘சில்வர் ஓக்’ என்று கூப்பிட்டோம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்குமே, பக்கக் கிளைகளையெல்லாம் கழித்துவிட்டதால் ஒல்லியாக, நெட்டுக்குத்தாக, அந்த மரம். பெயர் வைத்தவள் நான்.

அவள் வந்து சேர்ந்தது ஜூன் மாதம், மழையில். நாகலூருக்கும் அந்தப் பக்கம், பஸ் போகாத ஒரு ஊர். அங்கே எட்டாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளுடைய அப்பா முன்னால் வர, பின்னால் அவள் வெறுங்காலோடு வந்தாள். அப்பாவின் தலையில் இருந்த பெட்டியும் அவள் தலையும் ஒரே உயரத்தில் இருந்தன. வராந்தாவில் நின்ற நாம் அதைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தோம். யூனிஃபார்ம் பாவாடை அவளுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. மடிப்பைப் பிரித்துவிட்டும் எட்டவில்லை. தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர், கீழே ஒரு பட்டைத் துணி ஒட்டுப்போட்டுத் தைக்கச் சொன்னார்கள். அந்தத் துணி வேறு நீலம். இங்கே இருந்த வரைக்கும் அவள் இரண்டு நீலத்தில் நடந்தாள்.

நம் கூடைப்பந்து மைதானத்தை இப்போது மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அது சரிவின் ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஹாஸ்டல் சமையலறை, மறுபக்கம் கம்பி வேலி, வேலிக்குக் கீழே எஸ்டேட். பந்து ஒன்றே ஒன்று. தையல் விட்டுப்போன தோல் பந்து. ஈரத்தில் கனத்துப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். ஆடி முடித்ததும் அதைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவோம். மறுநாள் எடுத்தால் புகை வாசனையும் சாம்பார் வாசனையும் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது விறகுப் புகையை முகர்ந்தால் என் உள்ளங்கை தானாக விரிகிறது.

அவள் வரும் வரைக்கும் அந்த அணியில் நான்தான் பெரிய ஆட்டக்காரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த என் அப்பா, சனிக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று நான் ஆடுவதைப் பார்ப்பார். போர்டுக்குப் பலகையும் ரிங்கும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். அதனால் நான் தவறவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

டிரில் டீச்சர் மட்டும் சொல்வார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலுமாக நிற்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். புதுப் பெண் வந்த ஒரு வாரத்தில் அவர்கள் அவளை வரிசையிலிருந்து கூப்பிட்டுப் பந்தை வீசினார்கள். அவள் ஒற்றைக் கையால் பிடித்தாள். டீச்சர் இன்னும் வேகமாக வீசினார்கள். அதையும் பிடித்தாள். இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு, அவள் காலைப் பார்த்துக்கொண்டு, எங்கேயும் கற்கவில்லை, அப்பா மரத்தில் ஏறிக் கமலாப் பழம் பறித்துப் போடுவார், கீழே விழுந்து அடிபட்டால் வியாபாரி எடுக்கமாட்டான், அதனால் பிடிப்பேன் என்றாள்.

இரண்டே மாதத்தில் அவளைத் தாண்டிப் பந்து போகாது என்றாகிவிட்டது. போர்டில் பட்டுத் திரும்புகிற பந்து எங்கே வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாமெல்லாம் பந்தை நோக்கி ஓடுவோம். அவள் ஒரு இடத்தில் போய் நிற்பாள். பந்து அவளிடம் வரும். இடது கையை வளைத்துத் தலைக்கு மேலே தூக்கி அவள் போடுகிற அந்தப் பந்தைப் பற்றிப் பின்னாளில் பத்திரிகைகளில் எத்தனையோ எழுதினார்கள். அதை முதலில் பார்த்தது நாம்தான். பார்த்து, கொக்கு கழுத்தைத் திருப்புகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தோம்.

என் அப்பா வேலியோரம் நிற்பது குறைந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, அந்த மலைக்காரப் புள்ள வந்ததிலிருந்து உனக்குப் பந்தே வருவதில்லையே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

இதில் வெட்கமான விஷயம், அவளுக்கு என்மேல் பிரியம். பந்து வேலி தாண்டி எஸ்டேட்டுக்குள் உருண்டால், கடைசியாகத் தொட்டவள் போய் எடுத்துவர வேண்டும் என்பது சட்டம். மழைக்காலத்தில் அங்கே அட்டை இருக்கும். எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். நான் வேலியருகில் தயங்கி நிற்பதைப் பார்த்து அவளும் கூட இறங்கி வருவாள். என் காலில் ஏறியதை நகத்தால் கிள்ளி எறிவாள். தன் காலில் ஏறியதைப் பார்க்கவே மாட்டாள். ஐப்பசியில் ஒருநாள் அப்படிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, மிளகுக் கொடியை விலக்கிக்கொண்டே, தன் அம்மா தம்பியைப் பெற்றதும் செத்துப்போனதையும், அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் நின்றுவிட்டதையும் சொன்னாள். அதனால்தான் நம்மைவிட ஒரு வயது மூத்தவளாக இருக்கிறாளாம்.

“டீச்சருக்குத் தெரியும், அட்மிசன் பாரம் எழுதறப்பச் சொன்னேன். வேற யாருக்குஞ் சொல்லாத புள்ள. பெயிலானவன்னு நெனச்சுக்குவாங்க” என்றாள்.

நான் சொல்லமாட்டேன் என்றேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

பொங்கல் கழிந்து, பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க நம் பள்ளியிலேயே சேலத்து அணி ஒன்றோடு ஒரு ஆட்டம் வைத்தார்கள். சேலத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மஃப்ளர் சுற்றிய, நல்ல மனுஷர் போலத் தெரிந்த ஆள். நம் பள்ளியிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்போம், அணி திருச்சிக்குப் போகும் என்றார். அது காப்பிப் பழம் எடுத்து முடிகிற காலம். ஊரெல்லாம் பழத்தோல் புளித்த வாடை. காலையில் ஆட்டம் தொடங்கும்போது எதிர்ப்பக்க ரிங் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மஞ்சு.

வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவளிடம் ஷூ கிடையாது, அவள் காலுக்கு நம் யாருடையதும் சேராது. டிரில் டீச்சர் தன் ஷூவைக் கழற்றி, பிளேடால் முன்பக்கத் துணியை அறுத்து அவளிடம் கொடுத்தார்கள். அறுத்த வாய் வழியாக அவளுடைய விரல்கள் பத்தும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தும் சிரித்தோம்.

அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தை விவரிக்க எனக்குத் திறமை போதாது. சேலத்துப் பெண்கள் மஞ்சுக்குள் ரிங்கைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் போர்டின் ஓசையைக் கேட்டே போய் நின்றாள். பாதி ஆட்டத்திலேயே எதிரணிக்காரிகள் அவள் பக்கம் பந்து போடுவதை விட்டுவிட்டார்கள். நான் அன்றைக்கு மோசமாக ஆடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் அதிகாரி அவளை அழைத்து வயது கேட்டார். பதினைந்து என்றாள். சிஸ்டர் கொண்டுவந்த ரிஜிஸ்டரிலும் பதினைந்துதான். அவர் நம்பவில்லை. இந்த உயரத்துக்குப் பதினைந்தா என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார். பிறகு அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே குனிந்து கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்த்தார். நூறு பேர் முன்னால். அவள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றாள்.

“ஏனுங்க, இதென்ன மாட்டுச் சந்தைங்களா?” என்று டீச்சர் கேட்டார்கள். செருப்புக்கூட இல்லாமல் சிமெண்டில் நின்றுகொண்டு கேட்டார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. யோசித்து மாலையில் சொல்கிறேன் என்றார்.

மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா ஏற்பாடு செய்திருந்தார். நான்தான் பரிமாறினேன். ரசம் ஊற்றும்போது அவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்:

“ஏங்கண்ணு, அந்த நெட்டப் புள்ள உங்கூடத்தான படிக்குது. நெசமாலுமே பதினஞ்சுதானா?”

எனக்குப் பதினான்கு வயது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. பதினான்கு வயதுக்காரிக்கு எது பொய், எது உண்மை என்று நன்றாகத் தெரியும்.

“அவங்கம்மா செத்தப்ப மூணு வருசம் ஊட்டுலயே இருந்தாளுங்க. அவளே சொன்னாளுங்க. இப்பப் பதினேழு முடிஞ்சிருக்குமுங்க” என்றேன்.

ஒன்றை மூன்றாக்கினேன். அவ்வளவுதான் செய்தது. ரசம் சிந்தவில்லை. அப்பா தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. அவர் வடைத் தட்டை எடுத்து அதிகாரியின் இலைப் பக்கம் நகர்த்தினார்.

சாயங்காலம் அதிகாரி பள்ளிக்குப் போய், நம்பகமான இடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது, நாளைக்குள் சேலத்தில் எலும்புப் படம் எடுத்து டாக்டர் சர்டிபிகேட் தந்தால்தான் ஆச்சு என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று சிஸ்டரே அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் என் பெயர் எழுதப்பட்டது. அப்பா எனக்குப் புது ஷூ வாங்கித் தந்தார். “பொழைக்கத் தெரிஞ்ச புள்ள” என்று அம்மாவிடம் சொன்னார். அவர் என்னைப் பாராட்டியதிலேயே என் மனதில் ஆழமாகப் பதிந்தது அதுதான். இப்போது நினைத்தால், என்னை அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

திங்கட்கிழமை அவளுடைய அப்பாவை வரவழைத்திருந்தார்கள். வயதை மறைத்துச் சேர்த்ததாகச் சிஸ்டர் கண்டித்தார்கள். ரிங்குக்கு வலை வாங்கித் தருவது பற்றிப் பேச வந்திருந்த என் அப்பாவும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அந்த மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“தேதி மாசமெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. பெருமழையில மலை ரோடு சரிஞ்சு பஸ் நின்னுதுங்களே, அந்த வருசம். அதுக்கடுத்த மாசியிலதானுங்க இவ பொறந்தா. கணக்குப் பாருங்க சாமி” என்றார்.

யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அந்த மழையில் எங்கள் கடைச் சரக்கு லாரி பதினொரு நாள் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டு நின்றதை அப்பா எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் பிறப்பதற்கு ஒன்றரை வருஷம் முந்தி. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கணக்கு முடிந்திருக்கும். அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். நானும் கணக்குத் தெரிந்தவள்தான், ஜன்னலுக்கு வெளியே.

பொய்க்காரன் வீட்டுப் பெண் இங்கே படிக்க வேண்டாம் என்று யாரும் அவளை அனுப்பவில்லை. அவள் அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். பொய் சொன்னதாகப் பெயர் வாங்கிய இடத்தில் மகளை விட அவருக்கு மனம் வரவில்லை. போகும் முன் அவள் வகுப்பு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். அழுதிருந்தாள்.

“நீயாச்சும் போறியே புள்ள. நல்லா ஆடு” என்றாள்.

திருச்சியில் வெயில். மலையில் பிறந்த எனக்கு அங்கே மூச்சு விடவே கஷ்டமாக இருந்தது. டிரில் டீச்சர்தான் எங்களுக்கு மேனேஜர். மைதானத்தின் ஓரத்தில் மேஜை போட்டு, எங்கள் பக்கத்து ஸ்கோர் தாளைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் பாதிக்கு மேல் என்னை இறக்கினார்கள். ஓடினேன். பந்து இரண்டு தடவை என் கைக்கு வந்தது, இரண்டு தடவையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டு பந்தும் ரிங்கைக்கூடத் தொடவில்லை. தோற்றோம், அன்றைக்கே ரயிலேறினோம். டீச்சர் என்னைத் திட்டவில்லை. ரயிலில் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்கள். என் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லாமல் வெள்ளையாக இருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் நான் கூடைப்பந்தை விட்டுவிட்டேன். உங்களிடம் முழங்கால் வலி என்று சொன்னேன்.

அவளுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்குப் பத்திரிகை வழியாகத் தெரியும். நாகலூர் பக்கத்து எஸ்டேட்டில் இரண்டு வருஷம் காப்பிப் பழம் பறித்தாள். பழ மூட்டை ஏற்றிய ஜீப்பில் சேலம் மார்க்கெட்டுக்கு வந்த ஒருநாள், பக்கத்து மைதானத்தில் பெண்கள் ஆடுவதைப் பார்த்து வேலியோரம் நின்றாள். வெளியே வந்து விழுந்த பந்தை நின்ற இடத்திலிருந்தே வீசினாள், அது கூடைக்குள் விழுந்தது என்று எழுதுகிறார்கள். அவளே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள், கூடையில் விழவில்லையாம், ரிங்கில் பட்டு ஒரு பெண்ணின் தலையில் விழுந்ததாம். எப்படியோ, ஆடிக்கொண்டிருந்தது மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பாங்க் அணி. அவர்கள் அவளை விடவில்லை. பகலில் கவுண்டரில் வேலை, சாயங்காலம் ஆட்டம், அதற்குத்தான் சம்பளம். மாநில அணி, நாட்டு அணி, வெளிநாடுகள். நடுவில் முழங்காலில் ஆபரேஷன் நடந்து இனி ஆட முடியாது என்றார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்து தலைமை ஏற்றாள். விரல் முறிந்த கையைத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு இறுதி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாள். அவளைப் பார்த்து ஆட வந்த பெண்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு தடவை அவள் படம் வரும்போதும் நான் எனக்கு ஒன்று சொல்லிக்கொண்டேன். அவள்தான் வந்துவிட்டாளே, நான் செய்ததால் என்ன கெட்டுப்போயிற்று என்று. அந்தச் சமாதானத்தில் பதினைந்து வருஷம் ஓட்டினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் ஊரில் அவளுக்கு வரவேற்பு வைத்தார்கள். ஏரிக்கரையில் பந்தல். வியாபாரிகள் சங்கத் தலைவர் என் அப்பா. அவர்தான் என்னைச் சேலத்திலிருந்து வரவழைத்துப் பேசச் சொன்னார். உங்களில் பாதிப்பேர் அங்கே இருந்தீர்கள். நான் பேசியதைக் கேட்டுக் கண் கலங்கினீர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே பந்தைத் துரத்தினோம், அவள் காலில் இருந்த அட்டையை நான் எடுத்துவிட்டேன் என்று பேசினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டிரில் டீச்சரும் வந்திருந்தார்கள். ரிட்டையராகி, தலை முழுக்க நரைத்து, நான்காவது வரிசையில். மேடையேறும்போது அவள் அவர்களைப் பார்த்தாள். பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்த இடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நானே கேட்டேன், டீச்சரைக் கவனித்தாயா என்று.

“பாத்தேன். வேண்டாம் புள்ள” என்றாள். “அன்னிக்கி அந்தாளுகிட்ட என் வயசப் பத்திச் சொன்னது அவங்கதான். பயந்துபோயிச் சொல்லியிருப்பாங்க. நா ஒரு வருசம் ஊட்ல நின்னது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அவங்களுக்குந் தெரியும், ஒனக்குந் தெரியும். நீ சொல்லமாட்டே.”

எனக்குக் காப்பித் தம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

“அதுக்கப்புறம் ஒரு தடவ நாகலூர் வரைக்கும் என்னயத் தேடிட்டு வந்தாங்க. நா காப்பிச் செடிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். பஸ் போற வரைக்கும் வெளிய வரல” என்றாள்.

வாயைத் திறந்தால் போதும். பத்தடி தூரத்தில் டீச்சர் உட்கார்ந்திருந்தார்கள். நான் திறக்கவில்லை. என் கணவர் வெளியே நின்றார், அப்பா மேடையில் இருந்தார், என் இரண்டு வயது மகன் மடியில் இருந்தான். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். ஆனால் உண்மை, பதினான்கு வயதில் இருந்த அதே பயம்தான் முப்பதிலும் இருந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்கவேண்டும் என்றிருந்தேன் என்றாள்.

“திருச்சியில நீ எத்தன பாயிண்டு போட்ட?”

எத்தனை ஆசையோடு கேட்டாள் தெரியுமா. தன் இடம் வீணாய்ப் போகவில்லை என்று கேட்க விரும்பினாள். நான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“எட்டு” என்றேன்.

“அப்பச் சரி” என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். மைக்கை வாங்கி, தன்னை அணிக்கு எடுக்காமல் விட்ட வருஷத்தில் தன் இடத்தில் போய் எட்டு பாயிண்ட் எடுத்தவள் இவள், தோழி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினாள். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நான்காவது வரிசையில் டீச்சர் மட்டும் தட்டவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்ல ஓடினேன் என்று தெரியவில்லை. பொன்னாடையைக் கழற்றவும் மறந்துவிட்டேன். சேலம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. டீச்சர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

“பயப்படாத கண்ணு. நா யாருகிட்டயுஞ் சொல்லமாட்டேன்” என்றார்கள். “அன்னிக்குந்தான் சொல்லல.”

அன்றைக்கும். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த அதிகாரி ‘நம்பகமான இடம்’ என்றபோதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு வருஷக் கதையை அவள் யாரிடம் சொல்லியிருப்பாள் என்று யோசித்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் பெயர் கெட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் பழி தங்கள் மேல் விழுந்தது அவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

ஏழெட்டு வருஷம் கழித்து, சேலம் காய்கறி மார்க்கெட்டில் யாரோ சொன்னார்கள், டீச்சர் இறந்துவிட்டார்கள் என்று. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்கினேன். மனதுக்குள் ஒரு ஓரத்தில், இனி யாருக்கும் தெரியாது என்று ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இதையெல்லாம் முதலில் உங்களுக்கு எழுதவில்லை. விழாவுக்காக உங்களில் ஒருத்தி அவளுடைய எண்ணைக் குழுவில் போட்டிருந்தாள். அவளுக்குத்தான் எழுதினேன். சோறு பரிமாறியது, மூன்று வருஷம் என்று சொன்னது, எட்டு என்று சொன்னது, டீச்சர் பஸ் படியில் நின்று சொன்னது, எதையும் விடாமல் எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. நேற்று காலையில் வந்தது. திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை. ஒரே ஒரு வரி.

“டீச்சர எங்கீங்க அடக்கம் பண்ணியிருக்காங்க?”

ஐம்பது வருஷத்தில் அவள் என்னை ‘ங்க’ போட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

எனக்குத் தெரியவில்லை. சேலத்திலா, அவர்களுடைய சொந்த ஊரிலா, சொந்த ஊர் எது, எதுவுமே தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். விழாவில் பேச வேறு ஆளைப் பாருங்கள்.